வீட்டுத்திரை வளர்த்த வெள்ளித்திரை



சில மாதங்களுக்கு முன்னர் எனது உயர்தர வகுப்பிலே பாடம் நாடகத்தைவிட்டுச் சினிமாவின் பக்கம் சாய்ந்தபோது, பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், ரீவி வந்துதானே தியேட்டர் எல்லாம் பூட்டினது?" என்று கேட்டான். "ஓம், பெரும்பாலும் அப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தேன். வீடு திரும்பும் வழியில் சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பதில் அரைகுறையானது என்பது உறைத்தது. ஆசிரியனுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் பாதி உண்மையை முழு உண்மையாகக் கொடுத்துவிடக் கூடாது. அந்த மாணவனுக்குக் கொடுக்கத் தவறிய மறுபாதியை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

தொலைக்காட்சி நிறுவனமொன்று சினிமாவுக்குக் கைகொடுத்த வரலாறு அது. நடந்த இடம் பிரித்தானியா. நிறுவனத்தின் பெயர் சனல் 4. இந்தப் பெயரைக் கேட்டதும், எமது நாட்டுப் போரின் இறுதிக் காலம் பற்றி அது 2011 ஆம் ஆண்டில் ஒளிபரப்பிய ஆவணப்படமே நம்மிற் பலருக்கு நினைவில் வரும். அது தனியே பேசவேண்டிய விடயம். நான் இன்று எடுத்துக்கொண்டது அதே நிறுவனத்தின் மற்றொரு முகம். கதைப்படங்களைத் தயாரிப்பித்து, அவற்றை மக்களுக்குக் காட்டிய முகம்.

முதலில் என் மாணவனின் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப்போர் முடிந்த மறு ஆண்டு, 1946 இல், பிரித்தானியத் திரையரங்குகளில் விற்பனையான நுழைவுச் சீட்டுகள் 1,635 மில்லியன். 1984 இல் அந்தத் தொகை 54 மில்லியனாக வீழ்ந்தது. முப்பது பேர் இருந்த இடத்தில் ஒருவர் மாத்திரம் எஞ்சினார் என்று கொள்ளுங்கள். புறநகரக் குடியேற்றம், மோட்டார் வண்டி எனப் பல காரணங்கள் இருந்தபோதிலும் முதற் குற்றவாளியாகத் தொலைக்காட்சியே கூண்டில் நிறுத்தப்பட்டது. திரையரங்கு உரிமையாளர்கள் அதன்மீது கொண்ட பகைமை சாமானியமானதன்று. திரையரங்கில் ஓடிய ஒரு படம் மூன்று ஆண்டுகள் கழியும்வரை தொலைக்காட்சியில் வரக்கூடாது என்பது அவர்கள் விதித்திருந்த கட்டுப்பாடு. இருவரும் ஒரே பந்தியில் அமரமாட்டாத பங்காளிகள் போலிருந்தனர்.

இந்தப் பகைமைக்கு நடுவேதான் 1980 ஆம் ஆண்டின் ஒலிபரப்புச் சட்டம் வந்தது. அப்போது பிரித்தானியாவில் மூன்று தொலைக்காட்சி அலைவரிசைகளே இருந்தன. இரண்டு பி.பி.சி.க்கு உரியவை. மற்றையது விளம்பர வருமானத்தில் இயங்கிய ஐ.ரி.வி. நான்காவது அலைவரிசை எப்படி இருக்கவேண்டும் என்று பல ஆண்டுகள் வாதம் நடந்தது. இறுதியில் பிறந்த சட்டம் இரண்டு கடமைகளை அதன்மீது சுமத்தியது. ஐ.ரி.வி. கவனிக்காத சுவைகளுக்கு இடங்கொடுக்க வேண்டும் என்பது ஒன்று. உருவத்திலும் உள்ளடக்கத்திலும் புதுமையையும் பரிசோதனையையும் ஊக்குவிக்க வேண்டும் என்பது மற்றொன்று. பரிசோதனை செய்வதைச் சட்டமே கடமையாக விதித்தது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

கடமையை விதிப்பது எளிது. பணத்துக்கு எங்கே போவது? இங்கேதான் ஒரு விந்தையான ஏற்பாட்டைக் காண்கிறோம். ஐ.ரி.வி. நிறுவனங்கள் ஆண்டுதோறும் சனல் 4 க்குச் சந்தா செலுத்தின. அதற்குக் கைம்மாறாக, தத்தமது பிரதேசத்தில் சனல் 4 இன் விளம்பர நேரத்தை அவை விற்றுக்கொண்டன. ஆகவே இன்றிரவு எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கணக்குப் பார்த்து நாளைய சோற்றுக்கு ஏங்கவேண்டிய நிலை சனல் 4 க்கு இருக்கவில்லை. தனியார் சந்தையைப் போற்றிய மார்கரட் தட்சர் அம்மையாரின் ஆட்சியில், சந்தையின் காற்றுப் படாதபடி வேலியடைத்த ஒரு நாற்றுமேடை அமைந்தது வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று.

வேறொரு புதுமையும் இருந்தது. சனல் 4 தனக்கென நாடகக் கூடங்களையும் தயாரிப்பாளர் பட்டாளத்தையும் வைத்துக்கொள்ளவில்லை. சொந்த அச்சகம் இல்லாத பதிப்பாளர் போல, வெளியிலுள்ள சிறு தயாரிப்பாளர்களிடம் படைப்புகளை வாங்கியும் செய்வித்தும் வெளியிட்டது. அதன் முதலாவது தலைமை நிறைவேற்று அதிகாரி ஜெரமி ஐசக்ஸ். இத்தாலியின் ராய், ஜேர்மனியின் இசட்.டி.எப். ஆகிய தொலைக்காட்சிகள் தத்தம் நாட்டு நெறியாளர்களின் படங்களுக்குப் பணம் கொடுத்துவருவதை அவர் அறிந்திருந்தார். ராய் பணம் கொடுத்த படங்கள் 1977, 1978 ஆகிய இரு ஆண்டுகளும் கான் விழாவின் தங்க ஓலை விருதைப் பெற்றிருந்தன. "எங்கள் நாட்டில் மட்டும் ஏன் முடியாது?" என்பதே ஐசக்ஸின் கேள்வியாயிற்று.

அந்தக் கேள்விக்கு விடையாக அமைந்தவர் டேவிட் ரோஸ். போர்க்காலத்தில் விமானியாக இருந்தவர். பின்னர் பி.பி.சி.யில் சேர்ந்து, 1971 முதல் பேர்மிங்ஹாம் நகரின் பெபிள் மில் நிலையத்தில் நாடகப் பிரிவை நடத்தியவர். இலண்டனின் பார்வைக்கு எட்டாத மாகாண எழுத்தாளர்களைத் தேடிப் பிடித்து, அவர்களுடைய மண்ணையும் பேச்சையும் திரைக்குக் கொண்டுவருவதில் கைதேர்ந்தவர். அவரிடம் கதைப்படங்களுக்கான பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. ஆண்டுக்கு ஏறத்தாழ 20 படங்கள், படமொன்றுக்குச் சராசரியாக 300,000 பவுண் என்பது தொடக்கத் திட்டம். "பிலிம் ஒன் ஃபோர்" என்ற பெயரில் அவை ஒளிபரப்பாகத் தொடங்கின.

1982 நவம்பர் 2 ஆந் திகதி சனல் 4 தன் முதல் ஒளிபரப்பை ஆரம்பித்தது. எமது ரூபவாஹினி பிறந்ததும் அதே ஆண்டுதான், பெப்ரவரியில். புதிய அலைவரிசையொன்று தன் திறப்புவிழா இரவில் எதைக் காட்டும்? ஆடலும் பாடலும் நகைச்சுவையும் காட்டுவதே உலக வழக்கம். சனல் 4 அன்றிரவு காட்டிய படம் "வோல்ட்டர்". டேவிட் குக் எழுதி, ஸ்டீபன் பிரியேர்ஸ் நெறிப்படுத்தியது. மனவளர்ச்சி குன்றிய ஒருவன், தாயின் மறைவுக்குப் பின்னர் ஒரு காப்பகத்தில் அடைக்கப்பட்டுப் படும் அவலமே கதை. இயன் மக்கெலன் அந்தப் பாத்திரத்தில் நடித்தார். மங்கல விளக்கேற்றும் நாளில் ஒப்பாரி வைத்ததுபோலச் சிலருக்குத் தோன்றியிருக்கலாம். ஆனால் தான் யாருக்காகப் பிறந்தேன் என்பதை அந்த நிறுவனம் முதலிரவிலேயே சொல்லிவிட்டது.

எழுத்தாளனைப் பற்றிப் பேசாமல் இந்த வரலாற்றைச் சொல்ல முடியாது. ஹனீப் குரைஷி 1954 இல் இங்கிலாந்தில் பிறந்தவர். தாய் ஆங்கிலேயர். தந்தையார் சென்னையைச் சேர்ந்த வசதி படைத்த முஸ்லிம் குடும்பத்தவர்; பிரிவினைக்குப் பின் அக்குடும்பத்தாரில் பெரும்பாலோர் பாகிஸ்தானுக்குச் சென்றனர். மேடை நாடகங்கள் எழுதிவந்த குரைஷியிடம் சனல் 4 ஒரு திரைக்கதை கேட்டது. அவர் எழுதியது "மை பியூட்டிபுல் லோன்ட்ரெட்". தென் இலண்டனில் பாகிஸ்தானியப் பரம்பரையைச் சேர்ந்த இளைஞன் ஒருவன், பாழடைந்த சலவைக் கடையொன்றைப் பொறுப்பேற்றுப் புதுப்பிக்கிறான். அவனுக்குத் துணைநிற்பவன் பழைய பள்ளித் தோழனான வெள்ளையன். நிறவெறிக் கும்பலோடு திரிந்தவன். இருவரிடையே காதல் மலர்கிறது. தட்சர் காலத்துப் பணமோகம், குடியேறிகளின் கனவும் கபடமும், தெருவிலே திரிந்த நிறவெறி, ஊரார் பேசத் தயங்கிய காதல் எல்லாம் ஒரு சலவைக் கடைக்குள்ளே அடங்கிவிட்டன.

தொலைக்காட்சிக்கென்றே 16 மில்லிமீற்றர் படச்சுருளில், ஆறரை இலட்சம் பவுணுக்கு மேற்படாத செலவில் எடுக்கப்பட்ட படம் இது. 1985 இல் எடின்பரோ திரைப்பட விழாவில் காட்டப்பட்டபோது கிடைத்த வரவேற்பைக் கண்டு, முதலில் திரையரங்குகளுக்கு அனுப்பினார்கள். கடல் கடந்து அமெரிக்காவிலும் ஓடி, குரைஷிக்கு ஒஸ்கார் பரிந்துரையையும் பெற்றுக் கொடுத்தது. வீட்டுத்திரைக்காகப் பிறந்த பிள்ளை வெள்ளித்திரையில் நடைபயின்றது. தங்கள் சமூகத்தை இழிவாகக் காட்டிவிட்டான் என்று பாகிஸ்தானியர் சிலர் நியூயோர்க்கில் எதிர்ப்புத் தெரிவித்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். தன் இனத்தை அழகுபடுத்திக் காட்டாத எழுத்தாளனுக்கு எந்தத் தேசத்திலும் இதே வரவேற்புத்தான் போலும்.

காட்டிய பணியையும் மறந்துவிடலாகாது. சிறிய திரையரங்கொன்றில் சில ஆயிரம் பேர் பார்க்கக்கூடிய படம், ஓர் இரவில் நாடு முழுவதிலுமுள்ள வரவேற்பறைகளுக்குள் நுழைந்தது. தன் படங்களோடு பிறநாட்டுப் படங்களையும் சனல் 4 காட்டியது. இந்தித் திரையுலகைப் பற்றி நஸ்ரீன் முன்னி கபீர் தயாரித்த "மூவி மஹால்" என்ற நீண்ட தொடர் 1980களின் நடுப்பகுதியில் ஒளிபரப்பானது. 1986 இல் சர்ச்சைக்குரிய பிறநாட்டுப் படங்களைக் காட்டும்போது திரையின் மூலையில் ஒரு சிவப்பு முக்கோணத்தை எச்சரிக்கையாகப் போட்டார்கள். எச்சரிக்கை அழைப்பிதழாகிவிட்டது! முக்கோணத்தைக் கண்டவர்கள் ஆவலோடு அமர்ந்து பார்த்தார்கள். சில காலத்தின் பின் அது கைவிடப்பட்டது.

விளைச்சல் விரைவிலேயே தெரிந்தது. சனல் 4 பங்குப்பணம் கொடுத்த, விம் வெண்டர்ஸின் "பாரிஸ், டெக்சாஸ்" 1984 இல் கான் விழாவின் தங்க ஓலையைப் பெற்றது. பீற்றர் கிரீனவே, நீல் ஜோர்டன், ரெரன்ஸ் டேவிஸ், மைக் லீ, கென் லோச் ஆகியோர் அந்த நாற்றுமேடையில் வேர் பிடித்தார்கள், அல்லது மறுபடி துளிர்த்தார்கள். 1987 இல் கான் விழா, சினிமாவுக்கு ஆற்றிய சேவைக்காக ரொசெலினி விருதை டேவிட் ரோஸுக்கு வழங்கியது. சினிமாவின் எதிரி என்று கூண்டில் நின்ற தொலைக்காட்சியின் ஆளை, சினிமாவின் தலைவாசலிலேயே வரவேற்றுக் கௌரவித்த நிகழ்ச்சி அது.

இவையெல்லாம் கேட்கும்போது தமிழ் படித்தவனுக்குப் பாணனும் புரவலனும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நம் பாணன் பரிசில் கொடுத்தவனைப் புகழ்ந்து பாடினான். சனல் 4 இன் பரிசில் பெற்றவர்களோ, அந்தப் பரிசிலுக்கு வழிசெய்த சட்டத்தை இயற்றிய ஆட்சியையே குடைந்து குடைந்து கேள்வி கேட்டார்கள். வேலையற்றோர், சுரங்கத் தொழிலாளர், கறுப்பினத்தவர், குடியேறிகள் எனத் தட்சரின் பிரித்தானியா பார்க்க விரும்பாத முகங்களே அந்தப் படங்களில் நிறைந்திருந்தன. புகழைக் கேட்காத புரவலனாக இருப்பது எவ்வளவு கடினம் என்பதைப் புரவலர்களோடு பழகியவர்கள் அறிவார்கள்.

எனினும் ஒரு பக்கத்தை மாத்திரம் சொன்னால், வகுப்பிலே செய்த பிழையையே மீண்டும் செய்தவனாவேன். புரவலன் ஒதுங்கி நிற்பது வேறு, பொறுப்பிலிருந்து ஒதுங்குவது வேறு. சேகர் கபூரின் "பண்டிட் குயின்" சனல் 4 இன் பணத்தில் உருவாகி 1994 இல் வெளிவந்தது. சம்பல் பள்ளத்தாக்கின் பூலான் தேவியின் கதை. மாலா சென் எழுதிய நூலும், சிறையிலிருந்த பூலான் சொல்லி எழுதுவித்த குறிப்புகளும் அதற்கு ஆதாரம். பதினொரு ஆண்டுச் சிறைவாசத்தின் பின் அதே ஆண்டு பெப்ரவரியில் பூலான் விடுதலையானார். உயிரோடிருக்கும் ஒரு பெண்ணுக்கு நேர்ந்த பாலியல் வன்கொடுமையை அவருடைய சம்மதமின்றித் திரையில் காட்டுவது நியாயமா என்ற கேள்வி எழுந்தது. அருந்ததி ரோய் அதைக் கடுமையாக எழுதினார். பூலான் டில்லி உயர் நீதிமன்றத்தை நாடினார். பின்னர் சனல் 4 உடன் உடன்பாடு ஏற்பட்டு வழக்குக் கைவிடப்பட்டது. வழக்கு முடிந்தது, கேள்வி முடியவில்லை. கலைஞனின் சுதந்திரத்துக்கு விலை உண்டு என்றால், அந்த விலையைக் கதைக்குரியவர் கொடுக்கும்படி விடலாமா?

1993 இல் மற்றொரு திருப்பம் நேர்ந்தது. 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சனல் 4 தன் விளம்பரங்களைத் தானே விற்கத் தொடங்கியது. வேலி சற்றுத் தளர்ந்தது. அப்போது படப்பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் ரோஸுக்குப் பின் வந்த டேவிட் ஓகின். அவர் காலத்திலே பெரிய வெற்றிகள் வந்தன. சுமார் 3 மில்லியன் பவுண் செலவில் எடுத்த "போர் வெடிங்ஸ் அன்ட் எ பியூனரல்" 1994 இல் வெளியாகி, உலகெங்கும் 240 மில்லியன் டொலருக்கு மேல் ஈட்டியது. சனல் 4 அதில் ஒரு பங்காளி. சுமார் 1.5 மில்லியன் பவுணில், முழுவதும் சனல் 4 இன் பணத்திலே, டேனி பொய்ல் எடுத்த "ட்ரெயின்ஸ்பொட்டிங்" 1996 இல் வெளிவந்தது. அதே ஆண்டு மைக் லீயின் "சீக்ரட்ஸ் அன்ட் லைஸ்" தங்க ஓலையை வென்றது.

வெற்றி சில வேளைகளில் தோல்வியிலும் பார்க்க ஆபத்தானது. 1998 இல் படப்பிரிவு தனிக் கம்பனியாக்கப்பட்டது. ஹொலிவூட்டின் பெரிய நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்து பெரும்பணச் செலவில் படங்கள் எடுக்கப்பட்டன. நாற்றுமேடை வியாபாரச் சந்தையாக முயன்றது. 2001 இல் வந்த "சார்லட் கிரே" உட்படச் சில பெரிய படங்கள் எதிர்பார்த்த வசூலைத் தரவில்லை. 2002 ஜூலையில் அந்தத் தனிக் கம்பனி மூடப்பட்டு, படப்பிரிவு மீண்டும் சனல் 4 இன் ஒரு பகுதியாகச் சுருங்கியது. ஆண்டுக்கு 10 மில்லியன் பவுண் மாத்திரமே ஒதுக்கப்பட்டது.

சுருங்கியதே நன்மையாயிற்று என்று சொல்லத் தோன்றுகிறது. பொறுப்பேற்ற ரெஸ்ஸா ரோஸ் அம்மையார் பழைய வழிக்கே திரும்பினார். சிறிய தொகை, புதிய ஆள், துணிந்த கதை. ஓவியக் கல்லூரியில் பயின்று காட்சிக் கலைஞராக இருந்த ஸ்டீவ் மக்குயினின் முதற் கதைப்படமான "ஹங்கர்" 2008 இல் அப்படித்தான் வந்தது. வட அயர்லாந்துச் சிறையில் உண்ணாவிரதமிருந்து உயிர்நீத்த பொபி சான்ட்ஸின் இறுதி நாட்கள் பற்றிய படம். ஆறு ஆண்டுகளுக்குள், 2014 இல், அதே மக்குயினின் "டுவெல்வ் இயர்ஸ் எ ஸ்லேவ்" சிறந்த படத்துக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றது. அதிலும் சனல் 4 இன் பங்கிருந்தது. அந்தப் பங்களிப்பில் உருவான மற்றொரு படமான "ஸ்லம்டோக் மில்லியனர்" 2009 இல் எட்டு ஒஸ்கார்களை வென்றதும், அவற்றில் இரண்டு ஏ.ஆர். ரஹ்மானின் கைக்கு வந்ததும் நாமறிந்தவை. அதே படத்துப் பாடலொன்றுக்காக ரஹ்மானோடு சேர்ந்து பரிந்துரைக்கப்பட்டவர், ஈழத்துப் பெற்றோரின் மகளான மாதங்கி அருள்பிரகாசம் என்பதும் இவ்விடத்தில் குறிப்பிடத்தக்கது. சனல் 4 ஐத் தனியாருக்கு விற்கும் யோசனையைப் பிரித்தானிய அரசாங்கம் 2022 இல் முன்வைத்தபோது பலத்த எதிர்ப்பு எழுந்தது. 2023 ஜனவரியில் அது கைவிடப்பட்டது.

ஆக, என் மாணவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். தொலைக்காட்சி சினிமாவைக் கொன்றதும் உண்டு, வளர்த்ததும் உண்டு. பெட்டி ஒன்றுதான். பெட்டிக்குப் பின்னால் என்ன சட்டம் இருந்தது, யார் இருந்தார், அவர் எழுத்தாளனிடம் என்ன கேட்டார் என்பதே பேதம். எங்கள் வானொலியும் ஒரு காலத்தில் சில்லையூர் செல்வராசனின் "தணியாத தாகம்" போன்ற நாடகங்களைத் தந்தது. பெட்டிக்குள் இலக்கியம் நுழையமுடியும் என்பதற்கு நாம் தூரதேசம் போகவேண்டியதில்லை.

இனி ஒரு குறையை ஒப்புக்கொண்டு முடிக்கிறேன். அந்த மாணவன் எழுதுகிறவன். தமிழ்த்தினப் போட்டிக்காக நாடகமொன்று எழுதியிருந்தான். உரிமையாளர் வெளிநாட்டிலிருக்க, அவருடைய வீட்டைப் பல ஆண்டுகள் பார்த்துவந்த ஒரு கிழவியின் கதை. வீட்டை விற்க உரிமையாளர் வருகிறார். கிழவி திறப்புக்கோர்வையைக் கதிரையில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியேறுகிறாள். நாடகச் செலவை ஏற்க முன்வந்த அன்பர் ஒருவர், தாமும் வெளிநாட்டில் வாழ்பவர், முடிவு மனதை நோகடிக்கிறது என்றார். உரிமையாளர் மனம்மாறிக் கிழவியை வைத்துக்கொள்வதாக மாற்றச் சொன்னார். "ஒரு முடிவுதானே, மாத்திவிடடா தம்பி" என்று அவனிடம் சொன்னவன் நான்தான். மாற்றினான். இரண்டாம் இடம் கிடைத்தது. அதற்குப் பிறகு அவன் எழுதிய எதையும் என்னிடம் காட்டியதில்லை.

அவனது பழைய கையெழுத்துப் பிரதி இன்னும் என் மேசை லாச்சியில் இருக்கிறது. அடுத்த தவணையில் பழைய முடிவோடு அதை மேடையேற்றலாமா என்று அவனிடம் கேட்கவிருக்கிறேன். செலவு பெரிதில்லை. ஒரு கதிரையும் ஒரு திறப்புக்கோர்வையும் போதும்.